பத்து டிகிரி முன்னால்

என் தம்பியும் என் கணவரும் பேசிக்கொள்ளாத வருடங்களில்தான் நான் எஞ்சினுக்கு டைமிங் வைக்கக் கற்றுக்கொண்டேன். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை எனக்கு. ஒரே வாக்கியத்தை இருபது முறை சுமந்தால் அதன் அர்த்தம் நமக்கே விளங்கிவிடும். அப்படித்தான் விளங்கியது.

அவர்கள் பேச்சு நின்றது என் மகளின் ஞானஸ்நானத்தன்று. ஞானத்தகப்பனாக என் தம்பிதான் நிற்க வேண்டும் என்று ஆறு மாதம் முன்பே பேசி வைத்திருந்தோம். சிதம்பரத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் புதுச் சட்டையோடு வந்து இறங்கினான். கோயிலுக்குள் போனால், சாமியார் பக்கத்தில் என் கணவரின் பெரியப்பா மகன் மெழுகுவத்தியோடு நின்றுகொண்டிருக்கிறார். எனக்கும் அதுவரை தெரியாது. முந்தின நாள் அவர்கள் வீட்டில் யாரோ வருத்தப்பட்டார்களாம், இவர் சரி என்று சொல்லிவிட்டாராம். தம்பி பூசை முடியும்வரை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சாப்பிடாமல் போனான். போகும்போது வாசலில் என் கணவரைப் பார்த்து, "ஒரு ஃபோன் போட்டுருக்கலாம்ல மாமா?" என்றான். அவர், "வந்த இடத்துல வம்பு பண்ணாத" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு தம்பி வாயிலிருந்து மாமா என்ற சொல்லே வரவில்லை. 'அந்தாளு' என்றுதான் வரும். இவர் வாயில் மச்சான் போய் 'உன் தம்பி' ஆனான்.

நாங்கள் செம்மண்டலத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். என் கணவருக்கு ஜீப்தான் தொழில். சுனாமிக்குப் பிறகு கடற்கரைக் குப்பங்களில் ஃபைபர் படகுகள் நிறைய வந்துவிட்டன. ரிப்பேருக்குப் போக வேண்டிய படகை மணலிலிருந்து ரோடு வரைக்கும் இழுத்து வர வேண்டும். டிராக்டர் எல்லா நேரமும் கிடைக்காது. அதைப் பார்த்துவிட்டு இவர் ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்தார். எங்கள் இருவருக்கும் மூத்த வண்டி அது. நான்கு சக்கரமும் இழுக்கும். எஞ்சின்தான் செத்துப்போயிருந்தது. ஒரு பழைய காரின் பெட்ரோல் எஞ்சினைக் கொண்டுவந்து அதில் பொருத்தினார். இழுவை போதவில்லை என்று எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை லேத்தில் கொடுத்து இழைத்தார். அகலமான டயர் போட்டார். பின்னால் கொக்கி வைத்தார். பார்ப்பதற்கு முரட்டு வண்டிதான். ஆனால் மணலில் இறக்கிப் படகைக் கட்டி இழுத்தால், தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி எஞ்சின் சத்தம் போடும். கால்மணி நேரத்தில் ரேடியேட்டர் கொதிக்கும். சில நாள் கார்புரேட்டர் வழியாக டமார் என்று வெடிக்கும்.

குப்பத்தில் அந்த ஜீப்புக்கு 'வெடிவண்டி' என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் இவர் காதில் விழுந்த நாளில் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார்.

டைமிங் என்றால் பெரிய விஷயம் இல்லை. எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே ஏறி, பெட்ரோல் கலந்த காற்றை அழுத்துகிறது. அது உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பிளக்கில் பொறி விழ வேண்டும். பொறி தாமதமானால் இழுவை போகும், சூடேறும். ரொம்ப முந்திவிட்டால், ஏறிக்கொண்டிருக்கிற பிஸ்டனையே நெருப்பு எதிர்த்து அடிக்கும். எத்தனை டிகிரி முன்னால் என்பதுதான் கணக்கு. பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் என்ற சாதனத்தைக் கையால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒரு மயிரிழை திருப்பினால் அந்தக் கணக்கு மாறும். என் கணவர் அதைக் காதால் வைப்பார். திருப்புவார், கேட்பார், திருப்புவார். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில் நிற்கும்.

என் தம்பி சிதம்பரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் லேபில் இருந்தான். அவனிடம் டைமிங் லைட் இருந்தது. துப்பாக்கி மாதிரி இருக்கும். அதன் வயரை முதல் பிளக்கின் மேல் மாட்டினால், பொறி விழுகிற ஒவ்வொரு தடவையும் பளிச்சென்று அடிக்கும். எஞ்சின் முன்னால் சுற்றுகிற புல்லியில் ஒரு கோடு வெட்டியிருக்கும். லைட் அடித்தால், அவ்வளவு வேகமாகச் சுற்றுகிற கோடு அசையாமல் நிற்கிற மாதிரி தெரியும். பக்கத்தில் எஞ்சினில் குறித்திருக்கிற அளவை வைத்து, எந்த டிகிரியில் நிற்கிறது என்று படித்துவிடலாம்.

நான்தான் அவனைக் கூப்பிட்டேன். இவருக்காக இல்லை. வெடிவண்டிக்காரன் பெண்டாட்டி என்று என் கடைக்கே வந்து சிரித்துவிட்டுப் போனார்கள், அதற்காக.

"வரேன்க்கா. ஆனா அந்தாளுகிட்ட நான் பேச மாட்டேன்."

இவரிடம் சொன்னேன். "வரட்டும். எனக்கும் அவன்கிட்ட பேச ஒண்ணும் இல்ல" என்றார்.

ஒரு சனிக்கிழமை காலையில் வந்தான். வீட்டுக்குள் வரவில்லை, தண்ணீர்கூட வாங்கவில்லை. நேராகப் பானெட்டைத் திறந்தான். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எஞ்சின் பக்கத்தில் லைட்டோடு நிற்க வேண்டும், இன்னொருவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரைப் பிடிக்க வேண்டும். தம்பி முன்னால் நின்றான். கணவர் சீட்டில் ஏறினார். எஞ்சின் போட்ட சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்கு நிஜமாகவே கேட்காது. நான் இருவருக்கும் நடுவில் நடந்தேன்.

"ரேஸ் குறைக்கச் சொல்லு" என்றான் தம்பி.

"குறைக்கச் சொல்றான்."

"குறைச்சா நின்னுடும்னு சொல்லு அவன்கிட்ட."

"குறைச்சா நின்னுடுமாம்டா."

"அந்தாளு காதுல என்னா பஞ்சா வெச்சிருக்காரு? எண்ணூறுக்கு மேல ஓடுது!"

"இன்னும் கொஞ்சம் குறைக்க முடியுமான்னு கேக்கறான்."

அன்றைக்குத்தான் நான் அந்த வேலையைத் தொடங்கினேன். கெட்ட வார்த்தையை வழியிலேயே கீழே போட்டுவிட்டு, மீதியை மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பேன். அப்படிச் செய்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நான் இல்லையென்றால் இருவரும் ஸ்பானரால் அடித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

நடுவில் தம்பி ஒரு கேள்வி கேட்டான். புல்லியைக் காட்டி, "இது இந்த எஞ்சினோட வந்ததான்னு கேளுக்கா. மாத்தியிருந்தா இந்தக் கோட்ட நம்ப முடியாது" என்றான்.

நான் போய்க் கேட்டேன். இவர் ஸ்டீயரிங்கைக் குத்தினார். "எல்லாத்தையும் இவன்கிட்ட கேட்டுத்தான் மாத்தணுமா? வந்த வேலையப் பாக்கச் சொல்லு."

அதை எப்படிக் கொண்டுபோய்ச் சொல்வது? மாத்தலை என்றுதான் அதற்கு அர்த்தம் என்று நானே எடுத்துக்கொண்டேன். "மாத்தலையாம்" என்றேன்.

தம்பி தலையாட்டினான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடுகிற பாயின்ட்டின் இடைவெளியைச் சரிசெய்தான். ஒரு ரப்பர் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு லைட்டை அடித்தான். டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான். என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். வெள்ளை வெளிச்சத்தில் அந்தக் கோடு நடுங்கிக்கொண்டு நின்றது. "பத்து டிகிரி முன்னால. இதான் கரெக்ட்" என்றான். எஞ்சின் அதுவரைக்கும் நான் கேட்காத மாதிரி சீராக ஓடியது. வண்டியை மணலுக்கு எடுத்துப்போய்ப் பார்க்க வேண்டும் என்றான். "என் வண்டில அவன் ஏறக் கூடாது" என்றார் இவர். இதை நான் மாற்றிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் சொன்னார், அவனுக்கே கேட்டது.

இரண்டு, மூன்று சனிக்கிழமை இப்படியே போனது. தம்பி வருவான், லைட் அடிப்பான், கோடு பத்தில் நிற்கும். வாரத்தில் ஐந்து நாள் மணலில் இழுத்தால் ஆணி குலுக்குகிற சத்தம் அப்படியே இருக்கும், முன்பைவிட ஜாஸ்தி. இவர் கத்துவார்: "உன் தம்பி படிச்ச படிப்பு இதுதானா?" அவனிடம் நான், "இன்னும் சத்தம் வருதாம்டா" என்பேன். அவன், "ஓட்டத் தெரியாதவன் ஓட்டுனா எந்த எஞ்சினும் கத்தும்" என்பான். இவரிடம் நான், "மெதுவா இழுக்கச் சொல்றான்" என்பேன்.

கடைசி சனிக்கிழமை எல்லாம் முற்றிவிட்டது. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். மகள் அழுதுகொண்டே இடுப்பில் இருந்தாள். நான் இவரிடம் ஏதோ சொல்ல வந்தபோது, "நீ என்ன ரேடியோவா? அவன் ஊதறத எல்லாம் இங்க வந்து பாடற" என்றார். திரும்பி முன்னால் போனால் தம்பி, "உனக்கு வெக்கமே இல்லியாக்கா? இந்தாளோட எப்பிடிதான் குப்ப கொட்றியோ" என்றான். இருவரும் ஒரே நிமிடத்தில். அவர்களுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டியதை இரண்டு பேரும் என்மேல் கொட்டினார்கள்.

தம்பி லைட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னான்: "இத மட்டும் மறக்காம சொல்லிடு. சாவியத் திருப்பி செல்ஃப் சுத்தும்போது திணறுது, எனக்கு என்னவோ சரியாப் படலை. அடுத்த வாரம் வந்து முழுசாப் பாக்கறேன். அதுவரைக்கும் முன்னாடி ஹேண்டில் போட்டு கையால சுத்தி ஸ்டார்ட் பண்ண வேணாம். செல்ஃப்லதான் எடுக்கணும். ஹேண்டில் திருப்பி அடிச்சிடும்."

"சரி" என்றேன்.

நான் சொல்லவில்லை.

மறந்துவிட்டேன் என்று பிறகு சில பேரிடம் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை. உள்ளே போனேன். இவர் மின்விசிறிக்குக் கீழே கால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்ன ஓதிட்டுப் போறான்?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல" என்றேன். அந்த வாக்கியத்தை என் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். ரேடியோ நின்றுபோனால் என்ன ஆகும் என்று பார்க்கட்டும் என்று இருந்தது. ஹேண்டில் போட்டும் வண்டி கிளம்பாமல் குப்பத்து ஆட்கள் முன்னால் இவர் நிற்க வேண்டும், தம்பியைக் குறை சொல்லி இவர் பேசிய பேச்சுக்கு அது வேண்டும் என்றும் இருந்தது. ஹேண்டில் திருப்பி அடிக்கும் என்றால் கை வலிக்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அது உண்மை. ஆனால் கை வலிக்கட்டும் என்று நினைத்ததும் உண்மைதான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி இருக்கும். பேட்டரி இறங்கியிருந்தது. செல்ஃப் இரண்டு முறை முனகிவிட்டு நின்றது. நான் மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தேன். இவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஹேண்டிலை எடுக்கிற சத்தம் கேட்டது. இரும்பு உரசுகிற சத்தம். அந்த நேரத்தில்கூட எழுந்து ஓடிச் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம்தான். சீப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வெடிச் சத்தம். அதற்குப் பிறகு இவர் போட்ட சத்தம். போய்ப் பார்த்தால் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு மண்டிபோட்டு உட்கார்ந்திருக்கிறார். கை அதற்குரிய திசையில் இல்லை. பம்பருக்குக் கீழே ஹேண்டில் ஆடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். இரண்டு எலும்பு உடைந்திருந்தது. முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. ஆறு வாரம் என்றார்கள். ஆட்டோவில் திரும்பி வரும்போது இவர் "உன் தம்பி வேணும்னே பண்ணியிருக்கான்" என்று மட்டும் சொன்னார். செம்மண்டலம் வந்து சேரும்வரை நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

தம்பிக்கு நான் ஃபோன் செய்யவில்லை. எப்படியோ அவனுக்குத் தெரிந்து, புதன்கிழமை லீவு போட்டுவிட்டு வந்தான். அன்றைக்கு வீட்டுக்குள் வந்தான். மூன்று வருடத்தில் முதல் தடவையாக இவர் முகத்தைப் பார்த்து நேராகப் பேசினான்.

"ஹேண்டில் போட வேணாம்னு நான் சொல்லி அனுப்பிச்சேன்ல? அப்புறம் எதுக்குப் போட்டீங்க?"

இவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "எவன்கிட்ட சொல்லி அனுப்புன?"

"அக்காகிட்ட. வாசல்ல நின்னு சொன்னேன். செல்ஃப்ல மட்டும் எடுக்கச் சொன்னேன்."

இவர் என் பக்கம் திரும்பினார். "சொன்னானா?"

தம்பியும் திரும்பினான். அவன் முகத்தில் சந்தேகமே இல்லை. சொன்னான் என்று நான் சொல்லிவிடுவேன், பிறகு தகராறு முடிந்துவிடும் என்கிற மாதிரிதான் நின்றுகொண்டிருந்தான்.

"இல்ல" என்றேன்.

"அக்கா?"

"நீ ஒண்ணும் சொல்லலை."

அவன் என்னைத் திட்டவில்லை. இவர் எழுந்து நிற்கப் பார்த்தார், கட்டில் சட்டத்தில் கட்டு இடித்து மறுபடி உட்கார்ந்தார். "கேட்டியா? கேட்டியாடா? பொறாமை புடிச்ச நாயே, அன்னிக்கு ஞானத்தகப்பனா நிக்க வுடலைன்னு கைய ஒடிச்சிட்ட இல்ல?" என்று கத்தினார். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. தம்பி செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

எனக்கு அன்றைக்கு வந்த பயம் பிடிபட்டுவிடுவோம் என்கிற பயம். அவ்வளவு எளிதாக ஒரு சொல் வெளியே வரும் என்று நான் நினைத்ததில்லை.

வண்டி சும்மா நிற்க முடியாது. குப்பத்திலிருந்து ஒருவர் வந்து ஓட்டினார். ஆனால் மணலில் இறக்கினால் அதே சத்தம், அதே கொதிப்பு. "யக்கா, இது எம்மேல பாயும் போல இருக்கு" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். தம்பி வர மாட்டான். இவரால் ஸ்பானர் பிடிக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, சேலையை மாற்றிக்கொண்டு நானே பானெட்டைத் திறந்தேன்.

இவர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். உதவிக்கு இல்லை, திட்டுவதற்கு. "அத தொடாத. அது உன் ஜெராக்ஸ் மிஷின் இல்ல." "கைய வெட்டிக்கப் போற." தம்பி ஒருமுறை சொன்ன ஒரு விஷயம் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. மாற்றியிருந்தால் கோட்டை நம்ப முடியாது என்றானே, அது. பிஸ்டன் நிஜமாகவே உச்சிக்கு வருகிற இடம் எது என்று தெரிய வேண்டும்.

நான்கு பிளக்கையும் கழற்றினேன். முதல் ஓட்டைக்குள் சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றை விட்டேன். பிளக் இல்லாத எஞ்சின் லேசாகச் சுற்றும், அடிக்காது. ஆனாலும் ஹேண்டிலைத் தொடுவதற்கு முன் பிளக் நான்கும் வெளியே இருக்கிறதா என்று மறுபடி எண்ணிப் பார்த்தேன். மெதுவாகச் சுற்றச் சுற்ற, பிஸ்டன் கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தது. உச்சியில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்று, பிறகு இறங்கியது. ஏறும்போது ஒரு உயரத்தில் நிறுத்திப் புல்லியில், எஞ்சினின் சைபர் குறிக்கு நேராக, ஒரு புள்ளி வைத்தேன். இறங்கும்போது அதே உயரத்தில் இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுதான் உச்சி. கடையிலிருந்து எடுத்துவந்த ஒயிட்னரால் அங்கே ஒரு கோடு போட்டேன். மூன்று தடவை செய்து பார்த்தேன். மூன்று தடவையும் அதே இடம்.

புல்லியில் ஏற்கனவே வெட்டியிருந்த கோடு அங்கே இல்லை. ஒரு விரல் அகலம் தள்ளியிருந்தது. புல்லியைச் சுற்றி நூல் பிடித்து அளந்து, முந்நூற்று அறுபதால் வகுத்துப் பார்த்தேன். பதினாலு டிகிரி. லைட்டில் பத்து என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது நிஜத்தில் இருபத்து நாலு. வேண்டியதைவிட ரொம்ப முன்னாலேயே, பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே பொறி விழுந்திருக்கிறது. அது ஆளை அடிக்காமல் வேறு என்ன செய்யும்?

இவர் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து குனிந்து பார்த்தார். புரிந்துவிட்டது. தொழில் தெரிந்தவர்தானே. முகம் மாறியது.

"இந்தப் புல்லி நான் போட்டது. ஃபேன் பெல்ட் சேரலைன்னு பழைய இரும்புக் கடையில எடுத்தேன்" என்றார். பிறகு உடனே குரல் ஏறியது. "அதக்கூடப் பாக்காம லைட் அடிச்சிருக்கான் பாரு. ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனா?"

"கேட்டான்" என்றேன்.

"என்ன கேட்டான்?"

"புல்லி மாத்துனீங்களான்னு கேட்டான். நான் வந்து உங்ககிட்ட கேட்டேன். எல்லாத்தையும் அவன்கிட்ட கேட்டுத்தான் மாத்தணுமான்னு கத்துனீங்க. அவன்கிட்ட போயி மாத்தலையாம்னு சொல்லிட்டேன்."

ஒருமுறை திறந்துவிட்ட வாயை என்னால் மூட முடியவில்லை.

"ஹேண்டில் போட வேணாம்னும் சொன்னான். அதையும் நான் சொல்லலை."

"மறந்துட்டியா?"

"மறக்கலை."

"பின்ன?"

"அன்னிக்கு உங்க ரெண்டு பேரையும் எனக்குப் பிடிக்கலை."

அவர் தன் கட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன், இடது கை சும்மாதான் இருந்தது. அடிக்கவில்லை. "என் கைய நீதான் ஒடிச்சிருக்க" என்றார், மெதுவாக. இரண்டு சட்டையை ஒரு பையில் அடைத்துக்கொண்டு தன் பெரியப்பா மகன் வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு வாரம் வரவில்லை. என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட பயமாக இருக்கிறது என்று அங்கே சொன்னாராம். அதை என்னிடம் வந்து சொல்லவும் ஆள் இருந்தது.

அவர் போன பிறகு, டிஸ்ட்ரிபியூட்டரைப் பின்னால் திருப்பி, புதுக் கோட்டுக்குச் சரியாக வைத்தேன். லைட் இல்லை. சின்ன பல்பு ஒன்றை வயரில் கட்டி, பாயின்ட் திறக்கிற நொடியில் பல்பு எரிகிறதா என்று பார்த்து வைத்தேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் திணறாமல் பிடித்துக்கொண்டது. குப்பத்துக்காரர் வந்து எடுத்துப்போய், இரண்டு படகு இழுத்துவிட்டு வந்து, "சத்தமே இல்லியேக்கா" என்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த எஞ்சினின் மேல் எனக்கு வெறுப்புதான் இருந்தது.

அடுத்த ஞாயிறு மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுச் சிதம்பரம் போனேன். வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் தம்பி குடியிருந்தான். கதவைத் திறந்த அவன் மனைவி என்னை உள்ளே கூப்பிடவில்லை. அவனைக் கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். வாசல்படியிலேயே நின்று சொன்னேன். நீ சொன்னதை நான் சொல்லவில்லை, சொல்லவில்லை என்று உன் முகத்துக்கு நேராகப் பொய்யும் சொன்னேன், அவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று.

"தெரியும்" என்றான். "நீ பொய் சொல்றது எனக்குத் தெரியாதா? இத சொல்லவா பஸ் புடிச்சி வந்த?"

"கோடு தப்பா இருந்துச்சுடா. அளந்து பாத்தேன். பதினாலு டிகிரி."

அவன் கண் விரிந்தது. அந்த ஒரு நொடி பழைய தம்பியாக இருந்தான். "எப்பிடி அளந்த?"

சொன்னேன். கம்பி, இரண்டு புள்ளி, நூல். கேட்டுக்கொண்டே இருந்தான். "கரெக்ட்டுதான்" என்றான். பிறகு புருவம் சுருங்கியது. "இரு. புல்லி மாத்தலைன்னுதானே நீ வந்து சொன்ன?"

"அவரு அப்பிடிச் சொல்லலை. நானா சொன்னேன்."

"நானா சொன்னேன்னா?"

"சண்டை வேணாம்னு."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இதுவரைக்கும் மறக்கவில்லை. "நான் பத்து நாளாத் தூங்கலைக்கா. லேபுல பசங்களுக்கு டைமிங் நடத்த நிக்கறேன், வாயே வரலை. ஒருத்தன் கைய ஒடிச்சிட்டோமேன்னு. எங்க தப்பு பண்ணேன்னு நோட்டுல எழுதி எழுதிப் பாக்கறேன். அந்தாளு பேச்சுக்கும் என் பேச்சுக்கும் நடுவுல நீ உன் இஷ்டத்துக்கு எழுதிட்டு இருந்திருக்க."

"நீங்க ரெண்டு பேரும் நேராப் பேசியிருந்தா நான் எதுக்குடா நடுவுல..."

"அதுவும் சரிதான். நீ போ" என்றான். கதவைச் சாத்தவில்லை, திறந்த கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போனான். அது இன்னும் மோசமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது என் கணவர் திரும்பியிருந்தார். பை வாசலில் இருந்தது. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒயிட்னர் கோட்டை இடது கை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எங்கே போய்விட்டு வருகிறேன் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"என்ன சொன்னான் உன் தம்பி?"

"அவன் நம்பர் உங்ககிட்ட இருக்கு. நீங்களே கேட்டுக்குங்க" என்றேன்.

அவர் கேட்கவில்லை. அவனும் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு ஒருவர் சொன்னதை ஒருவரிடம் நான் எடுத்துப்போனதில்லை. கல்யாணம், சாவு என்று ஒரே இடத்துக்குப் போக நேர்ந்தால் இரண்டு பேரும் இரண்டு மூலையில் நிற்பார்கள், நான் மூன்றாவது மூலையில் நிற்பேன். தம்பி இரண்டு வருடம் கழித்து, அவனுக்குப் பெண் பிறந்ததை ஃபோனில் சொன்னான். குழந்தையின் எடையைச் சொன்னான், வைத்துவிட்டான்.

கட்டு பிரித்த பிறகும் இவர் மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. ஸ்க்ரூடிரைவர் பிடித்தால் நழுவும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்தான் பாயின்ட் மாற்றி டைமிங் வைத்தேன். அவர் சீட்டில் உட்காருவார். "குறைங்க" என்பேன், குறைப்பார். வேலை முடிகிறவரை வேறு பேச்சு இருக்காது. 2010இல் மங்கலம்பேட்டைப் பக்கத்தில் முந்திரிக் காடு வைத்திருந்த ஒருவருக்கு ஜீப்பை விற்றோம். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு திருப்பத்தில் மறைகிறவரை இவர் ரோட்டில் நின்று எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் உலை வைத்தேன்.